சுமலதாவுக்கு யாரும் இல்லை

1

அன்று என் வீட்டு வாசலில் இருந்தவர்கள்: கிராம நிர்வாக அலுவலர் நிர்மலா, எதிர்வீட்டு சரோஜம்மாள், பாகலூர் சாலையில் ஷெட் வைத்து வாடகைக்கு விடும் குலாம் முகம்மது, என் மகள் சுமலதா, அவள் அப்பாவாகிய வெங்கடப்பன், அதாவது நான். வேறு யாரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் உண்டு. ஓசூரை ஒட்டிய எங்கள் சூசூவாடியில் பாதிப் பேர் தாங்களும் அங்கே நின்றதாகவும், நான் சொன்னதைத் தங்கள் காதால் கேட்டதாகவும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சொன்னவன் நான். கேட்டவர்கள் மற்ற நான்கு பேர்.

இந்தக் கதை அங்கே நான் சொன்ன பதிலிலிருந்து வந்தது. நாற்பது வருடமாகக் கதை எழுதுகிறேன். இரண்டு தொகுப்புகள் வெளியாகியிருக்கின்றன. அவற்றில் என் குடும்பத்தைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. வீட்டு விஷயம் வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது என் கொள்கை. அது இப்போது வீட்டுக்குள் இல்லை. தெருவில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். எழுதத் தெரிந்தவன் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பது முறையல்ல.

2

கைவிட்ட தொடக்கங்களை மறைக்கப்போவதில்லை.

"மாப்பிள்ளை வீட்டை விட்டுப் போன அன்று நல்ல மழை." (மழை இல்லை. நல்ல வெயில். அடித்துவிட்டேன்.)

"ஓசூரில் ஒரு முதியவர் இருந்தார். தொழிற்சாலை ஒன்றில் தரச் சோதனைப் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். மனைவி ஜோதியம்மாள் காலமான பின் அவர்" (இங்கேயே நிறுத்தினேன். "அவர்" என்று எழுதியதும் அந்த ஆள்மேல் எனக்கு இரக்கம் வந்துவிடுகிறது. "நான்" என்று எழுதினால் வருவதில்லை. "நான்" என்றே இருக்கட்டும்.)

"ஜாமீன் போட ஆள் இல்லாதவனுக்கு இந்த நாட்டில் யார் கடன் கொடுப்பார்கள் என்ற கேள்விக்கு" (இது கட்டுரை. ஆனால் இந்தக் கேள்வி கதைக்கு வேண்டும். மூன்றாம் பகுதியில் வரும்.)

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். சுமலதாவின் கணவன், நிர்மலா விசாரிக்க வந்த நாளுக்கு நான்கு வருடம் முன்பே பெங்களூருக்கு வேலைக்கு என்று போனான். திரும்பவில்லை. போன் எண்ணை மாற்றிவிட்டான். அவனுக்கு அங்கே வேறு குடும்பம் இருக்கிறது என்று பிறகு தெரிந்தது. தெருவில் யாராவது கேட்டால், "வெளியூரில் இருக்கிறார்" என்று சொல்வேன். அது பொய் அல்ல. கர்நாடக எல்லை செக்போஸ்ட்டைத் தாண்டினால் வரும் அத்திப்பள்ளியும் எனக்கு வெளியூர்தான்.

3

சுமலதா ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் பன்னிரண்டு வருடம் வேலை செய்தவள். வண்டி உதிரிபாகங்களைப் பெட்டியில் அடுக்கும்போது ஒன்றோடொன்று உரசாமல் இருக்க நடுவே அட்டைத் தடுப்பு வைப்பார்கள். அந்தத் தடுப்புகள் பெங்களூரிலிருந்து வந்துகொண்டிருந்தன. "இத நாமளே இங்க வெட்டிக் குடுத்தா லாரி வாடக மிச்சம்" என்று மேலாளரிடம் சொல்லியிருக்கிறாள். அவர், "நீயே குடேன்" என்றிருக்கிறார். சிரித்துக்கொண்டுதான் சொன்னாராம். இவள் அதை நிஜமாக எடுத்துக்கொண்டாள். குலாம் முகம்மதுவின் ஷெட்டைப் பேசிவைத்தாள். ஓர் அட்டை வெட்டும் இயந்திரத்துக்கு அரசு மானியத்துடன் பெண்களுக்குக் கொடுக்கும் தொழில் கடனுக்கு விண்ணப்பித்தாள்.

என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானாகத்தான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, வீட்டுப் பத்திரத்தை மஞ்சள் பையில் வைத்து எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனேன். மேலாளர் சின்ன வயது. எழுந்து நின்று உட்காரச் சொன்னார். (முதல் வரைவில் இவரைத் திமிர் பிடித்தவராக எழுதியிருந்தேன். அது நியாயமல்ல. மாற்றிவிட்டேன்.)

"பத்திரமெல்லாம் எதுக்கு சார்? பீரோவுலயே வச்சுக்கங்க. இதுக்கு கவர்மெண்டே கேரண்டி."

"நான் அவளோட அப்பா."

"அதான் சார், அப்பா, மாமனார், அண்ணன் யாரும் வந்து கையெழுத்துப் போட வேணாம். அதுக்குத்தானே இந்தத் திட்டமே."

நல்ல திட்டம். மனப்பூர்வமாகச் சொல்கிறேன். இத்தனை காலம் கை கொடுக்க ஆள் இருந்தவனுக்குத்தான் வங்கி கொடுத்தது. அன்று என் பக்கத்து நாற்காலியில் அஞ்செட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பால் கறக்கும் இயந்திரத்துக்கு விண்ணப்பித்திருந்தாள். அவளுக்காகக் கையெழுத்துப் போட இந்த உலகத்தில் யாரும் இல்லை. அந்த இடத்தில் அரசாங்கம் வந்து நிற்கிறது என்றால் நிற்கட்டும்.

என் மகளுக்கும் அதே இடத்தில் அதே அரசாங்கம் நின்றது. பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பி வந்தேன்.

பிறகுதான் சிக்கல் வந்தது. அந்த வருடத்துக்கான ஒதுக்கீடு முடியும் நிலையில் இருந்தது. கணவனால் கைவிடப்பட்டு, வேறு ஆதரவும் இல்லாத பெண்களுக்கு முன்னுரிமை உண்டு. அதற்கான சான்றிதழ் இருந்தால் இந்த முறையே கிடைத்துவிடும். இல்லையென்றால் அடுத்த வருடம். கம்பெனி அடுத்த வருடம் வரை காத்திருக்காது. அதற்குள் வேறு ஆளைப் பிடித்துவிடும். சுமலதா ஏற்கெனவே ரேஷன் கார்டில் பெயரைப் பிரித்துக்கொண்டு, ஷெட்டை ஒட்டிய அறைக்குக் குடிபோயிருந்தாள். இரவுச் சாப்பாட்டுக்கு மட்டும் இங்கே வருவாள். விசாரித்து எழுத நிர்மலா வந்தது இந்தச் சான்றிதழுக்காகத்தான்.

4

அன்று காலை சுமலதா முன்னதாகவே வந்து என்னிடம் சொன்னாள்.

"அப்பா, வி.ஏ.ஓ. மேடம் பழைய வீட்டுப் பக்கமும் விசாரிக்கணும்னாங்க. நீங்க உள்ளயே இருங்க."

"என் வாசல்ல நின்னு என் மகளப் பத்திக் கேப்பாங்க. நான் ஒளிஞ்சிக்கணுமா?"

"யாரு ஒளியச் சொன்னா? கொஞ்ச நேரம் பேப்பர் படிங்கன்னேன்."

நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்து நின்றேன்.

நிர்மலா சரோஜம்மாளைக் கூப்பிட்டுக் கேட்டார்: "இந்தம்மா வீட்டுக்காரர் வந்துபோறாரா?"

"எங்க வர்றான்! ரெண்டு பொங்கலாச்சு மேடம், நாலு பொங்கலாச்சு. வெளியூர்ல இருக்கான்னு அண்ணாரு சொல்வாரு. எந்த ஊருன்னு கேட்டா மட்டும் அண்ணாருக்குக் காது கேக்காது."

எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

குலாம் முகம்மது, "அந்தப் பொண்ணு தனியாத்தான் இருக்குது மேடம். வாடகைய அதுவேதான் குடுக்குது. பாத்தா நமக்கே பாவமா இருக்கு" என்றார்.

"பாவம்லாம் வேணாம் பாய். அட்வான்ஸக் கொறைங்க" என்றாள் சுமலதா.

நிர்மலாவே சிரித்துவிட்டார். எழுதிக்கொண்டே அடுத்த கேள்வியைக் கேட்டார். "முடியாமப் போச்சுன்னா வந்து நிக்க ஒரு வீடு? தாய்வீடு மாதிரி?"

"ஏன் இல்லாம?" என்றாள் சரோஜம்மாள். "பெத்த அப்பா குத்துக்கல்லாட்டம் நிக்கறாரு பாருங்க. பென்சன் வருது, மாடி வாடகை வருது. அவரு விட்டுடுவாரா? ராத்திரி ஆனா இங்கதான் சாப்பாடு. நான்தான் தெனமும் பாக்கறேனே!"

(சரோஜம்மாளைக் கெட்டவளாக நினைத்துவிட வேண்டாம். என் மரியாதையைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாள். ஓர் அப்பா நிற்கும்போது அவர் மகளுக்கு ஆதரவில்லை என்று எந்த அண்டைவீட்டுக்காரி சொல்வாள்?)

நிர்மலாவின் பேனா நின்றது. சுமலதா கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"ஐயா, நீங்களே சொல்லிடுங்க. சுமலதாவுக்கு நீங்க ஆதரவு குடுக்கறீங்களா? அவங்க வந்து நிக்க இந்த வீடு இருக்கா?"

இந்த இடத்தில் முந்தைய வரைவுகளில் பெரிய பேச்சு ஒன்று எழுதியிருந்தேன். காலம், கௌரவம், தகப்பன் என்றெல்லாம் அதில் வரும். அத்தனையும் பிறகு சேர்த்தது. அன்று நான் சொன்னது இவ்வளவுதான்:

"இல்லீங்க. அவளுக்கு யாரும் இல்லீங்க."

"என்னண்ணா இப்படிச் சொல்றீங்க!" என்றாள் சரோஜம்மாள்.

"அப்படியே எழுதிக்கட்டுங்களா ஐயா?"

"எழுதிக்கங்க."

5

அன்று இரவு வழக்கம்போலச் சாப்பிட வந்தாள். சிரித்துக்கொண்டே வந்தாள்.

"பின்னிட்டீங்கப்பா. நான் பயந்தே போயிட்டேன். என்ன கொழம்பு?"

"இங்க சாப்பாடு இல்ல."

"செய்யலியா? சரி, நான் செய்யறேன், நகருங்க."

"இந்த வீடு உனக்கு இல்லன்னு சொல்லியிருக்கேன்."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது.

"அது சர்டிபிகேட்டுக்குச் சொன்னதுப்பா!"

"கவர்மெண்ட் அதிகாரிகிட்ட சொன்னது."

"யாருப்பா வந்து பாக்கப்போறா? அந்த மேடத்துக்கு ஆயிரம் வேலை."

"நான் பாப்பேன்ல."

எங்கள் குடும்பத்தைப் பற்றி வாசகருக்குத் தெரியாது. நில எல்லைத் தகராறு என்றால் இரண்டு தரப்பும் சாட்சிக்குக் கூப்பிட்டது என் அப்பாவைத்தான். தொழிற்சாலையில் முப்பது வருடமும் அளந்து பார்க்காத எந்தப் பாகத்துக்கும் நான் 'சரி' என்று முத்திரை போட்டதில்லை. நான் சொன்னது பொய்யானால், என் மகள் பொய்ச் சான்றிதழ் வைத்து அரசாங்கப் பணம் வாங்கியவள் ஆகிறாள். அந்தப் பெயர் அவளுக்கு வரக் கூடாது. சொன்னதை மெய்யாக்குவது ஒன்றுதான் வழி.

"எத்தன நாளைக்கு?" என்று கேட்டாள்.

"கடன் அடையறவரைக்கும்."

"அஞ்சு வருஷம்பா."

"தெரியும்."

"உங்களுக்கு எழுவத்திமூணு வயசு."

"அதுவும் தெரியும்."

செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். குழம்பு கத்திரிக்காய்க் குழம்பு. இரண்டு பேருக்கு வைத்திருந்தேன்.

6

இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் உண்டு. வேறொருவர் எழுதி என்னிடம் படிக்கக் கொடுத்திருந்தால், "நம்பும்படியாக இல்லை, இப்படி ஓர் அப்பா இருக்க மாட்டார்" என்று ஓரத்தில் குறித்திருப்பேன். கூர்மையான வாசகர் ஒருவர், "கிழவருக்குச் சத்தியம் ஒரு சாக்கு. தன் கையெழுத்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்ற வலிதான் உள்ளே இருக்கிறது" என்று சொல்லக்கூடும். அதை மறுத்து ஒரு பத்தி எழுதினேன். படித்துப் பார்த்தேன். எடுத்துவிட்டேன். அது இருந்த இடம் இது:

[                    ]

கடன் வந்தது. இயந்திரமும் வந்தது. குலாம் முகம்மது வாடகை ரசீது புத்தகம் வாங்கக் கடைத்தெருவுக்கு வந்தவர் என்னைப் பார்த்துவிட்டு நின்றார்.

"பூஜைக்கு ஏன் சார் வரல?"

"எனக்கு என்ன சம்பந்தம் பாய்?"

"நல்லா கேட்டீங்க போங்க. எனக்கும் பூஜைக்கும் மட்டும் என்ன சம்பந்தம்? ரெண்டு தட்டு கேசரி சாப்ட்டேன்ல." பிறகு குரலைத் தாழ்த்தி, "பொண்ணு மெலிஞ்சிருச்சு சார்" என்றார். நான் காய் வாங்க வந்திருப்பதாகச் சொல்லி விலகிவிட்டேன். உண்மையில் காய் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன்.

ஒருவருக்கு மட்டும் சமைப்பது கடினம். எவ்வளவு குறைத்துப் போட்டாலும் மிஞ்சுகிறது. நாள் முழுவதும் யாரிடமும் பேசாமல் இருந்துவிட்டு, மாலையில் பால்காரரிடம் பேச வாயைத் திறந்தால் குரல் கட்டியிருக்கிறது. இந்தப் பகுதியில் போன் அவ்வப்போது கர்நாடக சிக்னலுக்குத் தாவும். அப்போது நல்வரவு சொல்லி ஒரு செய்தி வரும். சில நாட்களில் எனக்கு வருவது அது ஒன்றுதான்.

7

கதை என்பது வாக்குமூலம் அல்ல. அதனால் கதையிலாவது இந்த அப்பாவை மகளிடம் போகவிடலாம் என்று நினைத்தேன்.

முதல் முடிவு: நான் பாகலூர் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்குகிறேன். ஷெட்டின் இரும்புக் கதவு பாதி திறந்திருக்கிறது. உள்ளே போகிறேன். உள்ளே (அதற்குமேல் எழுத முடியவில்லை. உள்ளே எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இயந்திரம் என்ன நிறம், எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது, அது ஓடும்போது மகள் எங்கே நிற்பாள், எதுவும் தெரியாது. பார்க்காததை எழுதி எனக்குப் பழக்கமில்லை.)

இன்னொரு முடிவு: ஆர்டர்கள் குவிகின்றன. மூன்றாவது வருடமே கடனை அடைத்துவிட்டு, "இனிமே வரலாமாப்பா?" என்று கேட்கிறாள். (இது நடக்கலாம். ஆனால் கம்பெனிகள் எப்போது ஆர்டரைக் கூட்டும், எப்போது நிறுத்தும் என்று இந்த ஊரில் யாருக்கும் தெரியாது. என் வசதிக்காக அவளை அவசரப்படுத்தவும் கூடாது.)

நிர்மலா மறுபடி விசாரணைக்கு வருகிறார். "ஐயா, அந்தக் கேள்விய நான் கேக்கவே இல்லைன்னு வச்சுக்கங்க" என்று

எந்த அதிகாரியும் அப்படிச் சொல்ல மாட்டார்.

முடிவை வாசகரிடம் விட்டுவிடுவது இந்த மாதிரிக் கதைகளில் வழக்கம். நான் விடப்போவதில்லை. உங்களிடம் கொடுத்தால் இரக்கப்பட்டு எங்களைச் சேர்த்துவைத்துவிடுவீர்கள். கடன் அடைய இன்னும் மூன்றரை வருடம் இருக்கிறது. அதுவரை இந்தக் கதைக்கு முடிவு இல்லை.

ஒரு திருத்தம் மட்டும் செய்ய வேண்டியிருக்கிறது. கடன் கைக்கு வந்ததும் சுமலதா பெற்ற அப்பனை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்று தெருவில் பேச்சு இருக்கிறது. அது தவறு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறாள். காலிங்பெல்லை அடித்துவிட்டு வெகுநேரம் நிற்கிறாள். கதவைத் திறக்காதவன் நான்.