பதினைந்து அங்குலம்

இரண்டு கால்கள் தொங்கிக்கொண்டிருக்கின்றன, குதிகாலுக்கும் தரைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி, தேய்ந்து கம்பியாகிவிட்ட மெட்டி, அந்தக் கால்கள் முன்னும் பின்னும் ஆடுகின்றன, எனக்கோ பற்றிக்கொண்டு வருகிறது, ஆட்டாதீங்க அக்கா, பசை இன்னும் காயலை என்கிறேன், கனவிலும் இதையேதான் சொல்கிறேன், நேற்று விடியும்போதுகூடச் சொல்லிக்கொண்டே விழித்தேன், எனக்கு அப்போது இருபத்தாறு வயது, வடக்கே போய் வடிவமைப்புப் படித்துவிட்டு வந்து, ஒண்டிப்புதூரில் மூடிக் கிடந்த மில் கிடங்கு ஒன்றை வாடகைக்குப் பிடித்து, என் முதல் நாற்காலியைத் தேக்கில் நானே இழைத்து நானே கோத்து நிறுத்தியிருக்கிறேன், இருக்கைக்குப் பிரம்பு பின்ன வந்த துளசாமணி அக்கா பின்னி முடித்ததும் கேட்காமல் கொள்ளாமல் ஏறி உட்கார்ந்துவிட்டார், அதற்கு முன் பதினைந்து வருடம் ஆபீஸ் நாற்காலிகளாகப் பின்னித் தள்ளியவர், ஒன்றில்கூட உட்கார்ந்ததில்லையாம், யார் உட்காரச் சொன்னார்கள், ஆள் நாலே முக்கால் அடிதான், கால் தொங்குதுங்க அம்மிணி, இது நமக்கில்லீங்க என்று இறங்கப் பார்த்தார், புத்தகத்தில் பதினெட்டு அங்குலம் என்று போட்டிருந்தது, நானும் மயிரிழை பிசகாமல் அப்படியே வைத்திருந்தேன், ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு என்ன வந்ததோ, ரம்பத்தை எடுத்து நாலு காலிலும் மும்மூன்று அங்குலம் அறுத்துத் தள்ளினேன், பாதம் இரண்டும் தரையில் பதிந்தன, அக்கா கைப்பிடியைத் தடவிக்கொண்டே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

அன்றிலிருந்து இருபத்திரண்டு வருடமாக நான் செய்த நாற்காலி அத்தனைக்கும் அந்த முழங்கால்தான் அளவு, அக்கா உட்கார்ந்து பார்த்துச் சரிங்க என்று சொன்னால்தான் பாலீஷ், மும்பையிலும் வெளிநாட்டிலும் வாங்கிப் போனார்கள், ஏன் இவ்வளவு தாழ்வு என்று கேட்டால், நம் உடல் மண்ணைத் தேடுகிறது என்று வாய் கூசாமல் சொல்வேன், எங்கிருந்துதான் வந்ததோ அந்தப் பேச்சு, ஒரு பத்திரிகை அதை என் படத்துக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டது, படிங்க கேக்கலாம் என்றார் அக்கா, தமிழில் சொல்லச் சொல்லப் பிரம்பைச் சீவியபடியே கேட்டுவிட்டு, எல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது, எம்முழங்காலப் பத்தி ஒண்ணும் போடலீங்களா என்றார், நான் சிரித்தேன், அவரும் சிரித்தார், அந்தச் சிரிப்பு இப்போது நினைத்தாலும் சுருக்கென்று குத்துகிறது. போன ஆடியில் அந்த முழங்காலுக்குத்தான் ஆபரேஷன், தரையில் உட்காரக் கூடாது, தாழ்வான எதிலும் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார், மூன்று மாதம் கழித்து வந்தவர் பழக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார், எழ முடியவில்லை, சுற்றிலும் நாற்பது நாற்காலி, எல்லாம் பதினைந்து அங்குலம், நானும் பாலீஷ்காரரும் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினோம், முந்தானையைச் சரிசெய்துகொண்டார், சாயங்காலம் போகும்போது சொன்னார், வேற ஆளப் பாத்துக்குங்க அம்மிணி, நான் பின்னுனதுல நானே உக்காந்து எந்திரிக்க முடீல, இனி எனக்கு இங்க என்ன இருக்குது.

கடையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போடலாம், உயரமாகப் புதிதாக ஒன்று செய்யவும் செய்யலாம், ஆனால் அவர் முதன்முதலில் உட்கார்ந்த அந்த நாற்காலி டெல்லியில் என் வேலைகளுக்கென்றே நடக்கும் கண்காட்சியின் வாசலில் நிற்பதற்காகப் பெட்டிக்குள் கிடந்தது, யாரும் உட்காரக் கூடாதென்று கயிறு கட்டப்போகிறார்களாம், அதை நினைக்க நினைக்க மனசு ஆறவில்லை, பெட்டியைப் பிரித்துவிட்டேன், அறுத்துப் போட்ட துண்டுகளில் இரண்டு என் மேசையில் காகிதம் பறக்காமல் வைக்க, ஒன்று கதவுக்கு முட்டு, நாலாவது, அக்கா வீட்டு பீரோ ஆடுகிறதென்று அன்றே எடுத்துப் போனது, இருகூரில் அவர் வீட்டுக்குப் போனேன், காபி கொடுத்தார், முகம் கொடுக்கவில்லை, பீரோவுக்கடியில் இருக்கிற கட்டை வேண்டும் என்றேன், எதுக்குங்க, கால் ஒட்டணும்க்கா, அது டெல்லிக்குப் போறதுன்னீங்களே, போகலை. அக்கா டம்ளரை வைத்துவிட்டு எழுந்து பீரோவிலிருந்த சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் போட்டு, குனிய முடியாதுங்க, நீங்களே எடுத்துக்குங்க என்றார். உள்ளே மர முளை வைத்துப் பசை போட்டு ஒட்டினேன், இருபத்திரண்டு வருடம் வெவ்வேறு இடத்தில் கிடந்த துண்டுகள், நாலும் நாலு நிறம், நான் பீற்றிக்கொண்ட வடிவம் கணுக்காலில் ஒடிந்துவிட்டது, டெல்லிக்காரர்கள் போன் போட்டு வாசலில் வேறு எதை வைப்பது என்று கோபப்பட்டார்கள், எதையாவது வையுங்கள், இதில் உட்கார ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். இன்று காலை அக்கா வந்தார், ஒட்டுப்போட்ட இடத்தைக் கைத்தடியால் தட்டிப் பார்த்தார், உட்கார்ந்தார், கைப்பிடியைப் பிடித்து முன்னால் நகர்ந்து எழுந்தார், நான் கையை நீட்டினேன், சும்மா இருங்க என்றார், மறுபடி உட்கார்ந்து மறுபடி எழுந்தார், மூன்றாம் தடவை உட்கார்ந்தவர் எழவில்லை, ஒரு கட்டுப் பிரம்பை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, கால் தொங்குதுங்க அம்மிணி என்றார், தரைக்கு மேலே நாலு விரல், அதே மெட்டி, கால்கள் முன்னும் பின்னும் ஆடுகின்றன, பசை காய்ந்து இரண்டு நாளாகிறது, ஆடட்டும்.