கணக்கருக்கு எதிராக நான் அடித்த மனு

1

இந்தக் கதை முதலில் ஒரு மனுவாகத்தான் இருந்தது. கணினியில் கோப்பின் பெயரைக்கூட நான் இன்னும் மாற்றவில்லை: ‘பென்ஷன் மனு கடைசி 3’.

மதகடிப்பட்டில், விழுப்புரம் சாலையைப் பார்த்தபடி ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா நகல், ஆதார் பிரின்ட், மனு தட்டச்சு. ஆள் வராத நேரத்தில் அதே கணினியில் கதை எழுதுவேன். இரண்டு கதைகள் பத்திரிகையில் வந்திருக்கின்றன. அதனால்தான் மனு அடிக்கும்போதும் கை சும்மா இருப்பதில்லை.

போன செப்டம்பரில் கொம்யூன் பஞ்சாயத்தில் (புதுச்சேரியில் பல ஊர்களுக்குச் சேர்த்து இருக்கிற பஞ்சாயத்து) ஓய்வு பெற்றவர்கள் ஏழெட்டுப் பேர் கடைக்கு வந்தார்கள். என் அப்பா சுப்புராயனும் அதில் ஒருவர். இரண்டு மாதமாகப் பென்ஷன் வரவில்லை. அவர்கள் சொல்லச் சொல்ல அடித்தேன். நடுவில் இப்படி ஒரு வரி விழுந்தது:

‘கணக்கர் திருமதி செல்வகுமாரி அவர்கள் வேண்டுமென்றே எங்கள் ஓய்வூதியத்தை நிறுத்தி வைத்துள்ளார்.’

அந்த ‘வேண்டுமென்றே’வை யாரும் சொல்லவில்லை. நானாகச் சேர்த்தேன். வாக்கியம் கனமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். செல்வகுமாரியை அதுவரை நான் பார்த்ததுகூட இல்லை.

(எந்தக் கொம்யூன் என்று கேட்காதீர்கள். வில்லியனூர் பக்கமா, பாகூர் பக்கமா என்றும் கேட்காதீர்கள். பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். செல்வகுமாரி கேட்டுக்கொண்டது அது ஒன்றைத்தான்.)

2

கதையின் தொடக்கம் சரியாக வரவில்லை. முதல் முயற்சி:

‘தண்ணீர்த்தொட்டி இடிந்து விழுந்த அன்று காலை, பால்வாடியில் பிள்ளைகள்…’

நிறுத்திவிட்டேன். தொட்டி விழவே இல்லை. விழுந்திருந்தால் டிவிக்காரர்கள் வந்திருப்பார்கள், நான் எழுத வேண்டியிருக்காது.

இரண்டாவது முயற்சி:

‘என் அப்பா முப்பத்தொரு வருடம் ஒரு ஊருக்குத் தண்ணீர் திறந்துவிட்டார்.’

இது இருக்கட்டும். பம்ப் ஆபரேட்டர் வேலை அவருக்கு. காலை ஐந்துக்கு மோட்டார் போட வேண்டும், தொட்டி நிறைந்ததும் தெருத்தெருவாக வால்வு திருப்ப வேண்டும். அந்த மேல்நிலைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே பால்வாடி. மனுவுக்குச் சில மாதம் முன்பு தொட்டியின் தூண்களில் இரண்டு வெடித்து, உள்ளே துருப்பிடித்த கம்பி தெரிந்தது. அதற்குமேல் பாதித் தண்ணீர்தான் ஏற்றினார்கள். ஊருக்கு ஒரு வேளைத் தண்ணீர். பிள்ளைகளைக் கோயில் மண்டபத்துக்கு மாற்றிவிட்டார்கள். மழைக்காலம் வருவதற்குள் தூணைச் சரிசெய்யாவிட்டால் பொறுப்பேற்க முடியாது என்று பொறியாளர் எழுதிக் கொடுத்திருந்தார்.

இதெல்லாம் மனு அடித்த நாளில் எனக்குத் தெரியாது.

3

மனுவைக் கொடுக்க கொம்யூனின் ஐம்பத்தெட்டு பென்ஷன்தாரர்களும் அக்டோபர் தொடக்கத்தில் ஒரு திங்கட்கிழமை பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போனார்கள். அப்பாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு நானும் போனேன். மனுவைச் செல்வகுமாரி கையில் கொடுத்தது நான்தான்.

ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு நின்றபடியே படித்தார். அந்த வரிக்கு வந்ததும் கொஞ்சம் தாமதித்தார். பிறகு கடைசிவரை படித்து, முத்திரை குத்தி, நகலில் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார்.

“எழுத்துப்பிழை ஒண்ணுகூட இல்ல. நல்லா அடிச்சிருக்கீங்க” என்றார்.

(கதையின் முதல் வரைவில் இந்த இடத்தில் அவர் என்னை முறைத்தார் என்று எழுதியிருந்தேன். முறைக்கவில்லை. முறைத்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.)

அவர் கூட்ட அறையைத் திறந்துவிட்டு எல்லோரையும் உட்காரச் சொன்னார்.

“உள்ளதச் சொல்லிடறேன். கவர்மென்ட் மானியம் வர வேண்டியதுல பாதிதான் வந்துச்சி. மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் கரண்ட் பில்லு கட்டினேன். வேலைல இருக்கறவங்களுக்குப் பாதிச் சம்பளம் போட்டேன். கையில மிச்சம் எட்டு லட்சத்து எழுபதாயிரம். உங்க எல்லாருக்கும் ஒரு மாச பென்ஷன் போட்டா சரியாப் போயிடும். தொட்டித் தூணு வேலைக்கு ஆறு லட்சம் கேக்கறாங்க. ரெண்டும் இந்த மாசம் முடியாது.”

“வரியை ஏத்த வேண்டியதுதான மேடம்?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

“ஏத்தறது என் கையில இல்ல. இருக்கற வரியையே பாதிப் பேரு கட்டல.”

அவர் நீலஅட்டை நோட்டு ஒன்றை மேசைமேல் வைத்தார்.

“ஆணையர்கிட்ட பேசிட்டேன். ஆளுக்கு மாசம் சராசரியா பதினஞ்சாயிரம் பென்ஷன். நாப்பது பேரு இந்த மாசத்துப் பென்ஷனுக்குப் பொறுத்துக்கிட்டா தொட்டி வேலைய ஆரம்பிச்சிடலாம். மானியம் வந்ததும் மொத பணம் அவங்களுக்கு. பொறுத்துக்கறவங்க இந்த நோட்டுல கையெழுத்து போடுங்க, முடியாதவங்க போட வேணாம். அவங்களுக்கு நாளைக்கே பணம் ஏறிடும்.”

தெருவிளக்கு வேலை பார்த்து ஓய்வு பெற்ற இருசப்பன் எழுந்தார்.

“நான் போட மாட்டேன் மேடம். எங்க வூட்டுல அதுக்கு வாரம் ரெண்டு தரம் டயாலிசிஸ். கவர்மென்ட் ஆஸ்பத்திரில காசு வாங்கறதில்ல. ஆட்டோவுக்கு யாரு குடுப்பா?”

“நீங்க போடாதீங்க அண்ணே. நீங்க போட்டா நானே கோடு போட்டு அடிச்சிடுவேன்.”

4

இரண்டாம் வரைவில் இருசப்பனை மனம் மாறவைத்தேன். எல்லோரும் போன பிறகு அவர் திரும்பி வந்து, கண் கலங்கிக் கையெழுத்துப் போடுவார்.

அவருக்கு எப்படித் தெரிந்ததோ, கடைக்கு வந்துவிட்டார்.

“எங்களப் பத்தி கத எழுதறியாமே?”

“ஆமாண்ணே.”

“நான் கையெழுத்து போட்டேன்னு எழுதிடாத. போடல. போடலன்னு எனக்கு ஒண்ணும் வெக்கமும் இல்ல. அந்தப் பணத்துலதான் ஒரு மாசம் ஓடிச்சி.”

அழித்துவிட்டேன். என் கதைக்காக அவர் மனைவி ஒரு மாதம் ஆட்டோ இல்லாமல் கிடந்திருக்க வேண்டுமா?

5

இப்போது நான் ஒத்துக்கொள்ள வேண்டியது. நோட்டு சுற்றி வந்து அப்பாவிடம் நின்றபோது அவர் காதில் சொன்னேன்:

“அப்பா, போடாத. பையனுக்கு செமஸ்டர் ஃபீஸ் கட்டணும்.”

அவர் என் பக்கம் திரும்பவில்லை. “அந்தத் தூண எனக்குத் தெரியும்மா. மழைல அது எப்பிடி ஊறும்னு நான் பாத்திருக்கேன்” என்றார்.

“ஊரே குடிக்கற தண்ணிக்கு நம்ம பணம்தான் கெடச்சுதா?”

அவர் பேனாவைக் கேட்டார். நான் என் பையிலிருந்து எடுத்துக் கொடுக்கவில்லை. பக்கத்திலிருந்தவர் கொடுத்தார்.

(இந்தப் பகுதியை மூன்று முறை வெட்டினேன். மூன்று முறை திரும்ப ஒட்டினேன். என்னைப் பற்றி ‘வேண்டுமென்றே’ என்று யாராவது எழுதினால் அது பொருந்தும்.)

அவர் எழுதும்போதுதான் நோட்டைப் பார்த்தேன். முதல் வரியில் ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது. செல்வகுமாரி, கணக்கர், அக்டோபர் மாதச் சம்பளம். தேதி, அன்றைக்கு மூன்று நாள் முந்தையது. அதைப் பற்றிச் செல்வகுமாரி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அப்பாவும் பார்த்தார். பார்த்துவிட்டு, தன் பெயருக்குக் கீழே ஒரு கோடு இழுத்து நோட்டை அடுத்தவரிடம் தள்ளினார்.

முப்பத்தேழு பேர் கையெழுத்துப் போட்டார்கள். நாற்பது சேரவில்லை. வண்ணம் பூசும் வேலையைப் பொறியாளர் மதிப்பீட்டிலிருந்து நீக்கினார். தொட்டி இன்றைக்கும் சிமென்ட் நிறத்தில்தான் நிற்கிறது.

6

வேலை மூன்று வாரம் நடந்தது. அதுவரை ஊருக்கு டேங்கர் தண்ணீர். முடித்து நாலாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. நவம்பரில் இரண்டு தரம் ஏரி வாய்க்கால் உடைத்துக்கொண்டு தெருவில் ஓடியது. தொட்டி நின்றது. பிள்ளைகள் மண்டபத்திலிருந்து பால்வாடிக்குத் திரும்பிவிட்டார்கள். நிறுத்திய பென்ஷன் பாதி டிசம்பரிலும் மீதி பிப்ரவரியிலும் வந்தது. என் மகனின் ஃபீஸை ஐந்நூறு ரூபாய் அபராதத்தோடு கட்டினேன்.

முடிவு என்று மூன்று எழுதிவைத்தேன். ஒன்றில் செல்வகுமாரிக்கு மாலை போடுகிறார்கள். ஒன்றில் அவரை மாற்றல் செய்துவிடுகிறார்கள். இன்னொன்றில் நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன், அவர் என் கையைப் பிடித்துக்கொள்கிறார்.

உண்மையில் மன்னிப்புக் கேட்கப் போனேன். ஜனவரி மாதம். தொலைபேசியில் யாரிடமோ குப்பை வண்டி டயருக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“மேடம், அந்த மனுவுல ஒரு வார்த்த…”

“நீங்க சுப்புராயன் அண்ணன் பொண்ணுதான? வூட்டு வரி ரெண்டு வருஷமா பாக்கி. தெரியுமா?”

தெரியாது. அங்கேயே கட்டினேன். ரசீதைக் கிழித்து நீட்டும்போது, “இப்பிடி ஆளுக்கு ஒண்ணு கட்டினா நான் நோட்ட எடுக்கவே வேணாம்” என்றார். சிரித்தார் என்று நினைக்கிறேன். நான் கொண்டுபோன வாக்கியத்தைச் சொல்லவே இல்லை. ஆனால் வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது நெஞ்சு இளகி இருந்தது. இப்படி ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்பது எனக்குக் கிடைத்த பெரிய ஆறுதல். அதை எழுத்தில் சொல்லத்தான் இத்தனை பக்கம்.

7

ஒன்றை வரிசை மாற்றிக் கடைசிக்கு வைத்திருக்கிறேன்.

சரிசெய்த தொட்டியில் முதல்முறை தண்ணீர் ஏற்றிய அன்று அப்பா அந்த ஊருக்குப் போக வேண்டும் என்றார். கூட்டிப்போனேன். தெருக்குழாயில் ஒரு பெண் குடம் வைத்திருந்தாள். தண்ணீர் செம்மண் கலந்த மாதிரி வந்தது.

“இன்னாபா தண்ணி இது, டீ மாதிரி வருது? மூணு வாரமா டேங்கரு, இப்ப இது. பஞ்சாயத்துல இன்னாதான் பண்றானுங்க?” என்று எங்களைப் பார்த்துக் கேட்டாள். வேறு யாரும் அங்கே இல்லை.

“மூணு வாரமா காஞ்சி கெடந்த கொழாய்ம்மா. ரெண்டு கொடம் கீழ வுடு, தெளிஞ்சிரும்” என்றார் அப்பா.

அவள் முணுமுணுத்துக்கொண்டே இரண்டு குடத்தைக் கீழே ஊற்றினாள். மூன்றாவது தெளிந்து வந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன், “நீ கையெழுத்து போட்டத அந்தப் பொண்ணுகிட்ட சொல்லியிருக்கலாமில்லப்பா?”

“இன்னான்னு சொல்றது?”

கதைக்குள் அவர் வாயில் ஏழு வாக்கியம் வைத்துப் பார்த்தேன். ஏழும் பெருமையாகவோ புலம்பலாகவோ போயின. அவர் அப்படிப் பேசுகிற ஆள் இல்லை. ஆகவே இடம் விட்டிருக்கிறேன். உங்களுக்கு வந்தால் எழுதிக்கொள்ளுங்கள்:

“இந்தத் தண்ணி இருக்குல்லம்மா, இது… ”

வரவில்லையென்றாலும் பரவாயில்லை. அந்தப் பெண் காத்திருக்கவில்லை. நிறைகுடத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டாள்.