முனி குடிக்காத பால்

சத்யப்ரியாவுக்கு ஸ்டேஷனில் இன்னொரு பேர் உண்டு, பேய் எஸ்.ஐ. அவள் காதில் விழும்படியேதான் சொல்வார்கள், வேலையற்றவர்கள். மற்றவர் கண்ணில் படாததெல்லாம் அவள் கண்ணில் படும். அதற்கு அவள் என்ன செய்வாள்? பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்லிப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

அன்றைக்குத் திங்கட்கிழமை. இன்ஸ்பெக்டர் ரத்தினவேல் ஃபைலை அவள் பக்கம் தள்ளினார்.

"சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள முடிச்சுடும்மா. தினேஷ்குமார், கான்ட்ராக்ட் லேபர். காப்பர் கம்பியத் தூக்கிட்டு ஓடிட்டான். கம்பெனியே எழுதிக் குடுத்துருச்சு. இன்னும் என்ன?"

இன்னும் என்னவா? வெளியே பெஞ்சில் அவன் பெண்டாட்டி சுமலதா ஒரு வாரமாக வந்து உட்கார்ந்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை காலையில், டபுள் ஷிப்ட், சனிக்கிழமைதான் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனவன் வரவே இல்லை. அவர்கள் ஊர் பாகலூரில் அவளைத் திருடன் பெண்டாட்டி என்று பேச ஆரம்பித்தாயிற்று. இன்று ஃபைலை மூடினால் அந்தப் பேர் அவள் குடும்பத்துக்கே நிலைத்துவிடும்.

"அஞ்சு மணிக்கு இன்னும் நேரமிருக்கு சார்" என்று சொல்லி, சுமலதாவையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள்.

தகடு அடிக்கும் பிரஸ் கம்பெனி அது. பின்பக்கக் காம்பவுண்டுச் சுவரில் கதவகலத்துக்கு ஓர் இடைவெளி. முனி போய்வருகிற தடம், அதை அடைக்கக்கூடாது என்று கட்டும்போதே ஊர்க்காரர்கள் பிடிவாதமாக நின்றுவிட்டார்கள். ஆள் நுழையாமலிருக்க கம்பி மட்டும் போட்டிருந்தார்கள். முனிக்குக் கம்பியெல்லாம் ஒரு பொருட்டா? அந்த இடத்துத் தரையில் இப்போது புது சிமெண்ட் பூசியிருந்தது.

உச்சிவேளை. முனி சுவர்மேல் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தது. தென்னை மரத்தில் முக்கால் உயரம் இருக்கும்.

"ஏனு பேக்கு?" என்றது கன்னடத்தில், என்ன வேண்டும் என்று.

"தமிழ்லயே பேசு முனியப்பா. தினேஷ்குமார்னு ஒருத்தன். பத்து நாளா காணோம். உன் தடத்துல என்ன நடந்தது?"

"எனக்கென்ன தெரியும்? அந்த வெள்ளிக்கெழம நான் நாட்றாம்பாளையம் கெடாவெட்டுக்குப் போயிட்டேன். ஞாயித்துக்கெழமதான் வந்தேன். வந்து பாத்தா சிமிட்டி பூசி வெச்சிருக்கானுங்க. மண்ணுக்குக் கீழ எனக்குப் பார்வ கெடையாது புள்ள."

அவ்வளவுதானா என்று சத்யப்ரியாவுக்குச் சோர்வு வந்தது. முனி விடாமல் புலம்பியது.

"சுருட்டு வெக்க ஒரு நாதியில்ல. போன திங்கக்கெழம ஒருத்தன் வந்து அந்தச் சிமிட்டி மேல பால ஊத்திட்டுப் போறான். பச்சப்பாலு. நான் என்ன தொட்டில் கொழந்தையா?"

"யாரு ஊத்துனது?"

"எவன் கண்டான்? எல்லாவனும் ஒரே நீலச்சட்ட. அழுதுட்டே ஊத்துனான், அது தெரியும்."

சத்யப்ரியா அந்தப் புது சிமெண்டைத் திரும்பிப் பார்த்தாள். முனிக்கு எவனும் பால் வைக்க மாட்டான். செத்தவனைப் புதைத்த இடத்தில்தான் மூன்றாம் நாள் பால் ஊற்றுவார்கள். புதைத்தவன் ஊருக்குத் தெரியாமல் புதைத்துவிட்டான், பால் ஊற்றாமலிருக்க மட்டும் அவன் மனசு விடவில்லை.

நேரே கேன்டீனுக்குப் போனாள். அங்கே பாத்திரம் கழுவுகிற செல்லி யோசிக்கவே இல்லை. "போன திங்கக்கெழமைங்களா? நம்ம சூப்பர்வைசர் பிரதாப் சார்தான் வாங்கிட்டுப் போனாரு. காய்ச்சுன பால் இருக்குதுன்னேன். பச்சப்பாலுதான் வேணும்னாரு. கிளாஸக் கூடத் திருப்பித் தரல மேடம்."

பிரதாப்பும் பாகலூர்தான். தினேஷ்குமாரை இந்த வேலையில் சேர்த்துவிட்டதே அவன்தான். கேன்டீனுக்கு வரவழைத்தாள். வந்தவன் சுமலதாவைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

"பால் எதுக்கு வாங்குனீங்க?"

"வயிறு சரியில்ல மேடம்."

"குடிச்சீங்களா?"

"குடிச்சேன்."

எப்படிக் கேட்டாலும் அதையே திரும்பச் சொன்னான். அவனை நாலு தட்டுத் தட்டினால் சொல்லியிருப்பான். அது அவள் வழி அல்ல. தரையைத் தோண்டுவதென்றால் தாசில்தார் வர வேண்டும். முனி சொன்னது என்று எழுதினால் அவர் சிரிப்பார். ஒரு கிளாஸ் பாலை வைத்துக்கொண்டு எவனையும் பிடிக்க முடியாது. மணி மூன்றாகிவிட்டது. ஆனாலும் இங்கிருந்து வெறுங்கையோடு போவதில்லை என்று நாற்காலியை இழுத்துப்போட்டு அவன் எதிரிலேயே உட்கார்ந்தாள்.

அதுவரை வாசலில் நின்று பச்சைப்பால் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த சுமலதா உள்ளே வந்தாள். அவன் சட்டையைப் பிடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்றுதான் செல்லிகூட நினைத்தாள். அவள் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அண்ணா, அந்த மேடம் கேக்கறது எனக்கு வேண்டாம். எனக்கு நாள் மட்டும் சொல்லுண்ணா. வெள்ளியா, சனியா? நாள் தெரியாம நான் எப்படிண்ணா அவருக்குக் கருமாதி பண்றது? பதினாறு எதுல இருந்து எண்றது?"

போலீஸ் கேட்டால் பொய் சொல்லலாம். கருமாதிக்கு நாள் கேட்கிற பெண்ணிடம் தப்பான நாளைச் சொல்ல அந்த ஊரில் பிறந்த எவனுக்கும் நாக்கு வராது.

"சனிக்கிழமைம்மா" என்றான் பிரதாப். "காலைல ஆறே கால் மணி. புரொடக்‌ஷன் கொறையுதுன்னு மேல இருந்து சத்தம் போட்டாங்க. மெஷின்ல கை போனா நிக்கிற சென்சார நான்தான் டேப் ஒட்டி மறைச்சேன். அவன் தூக்கக் கலக்கத்துல குனிஞ்சுட்டான். வெளிய தெரிஞ்சா கம்பெனிய மூடிருவாங்கன்னு மேனேஜர் சொன்னாரு. நான்தாம்மா குழி வெட்டுனேன். அவன் ஒரு கம்பியும் எடுக்கல."

செல்லி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சத்யப்ரியா அவள் பேரையும் வாசலில் நின்று கேட்ட செக்யூரிட்டி பேரையும் சாட்சியாக எழுதிக்கொண்டு தாசில்தார் ஆபீசுக்குப் போன் போட்டாள். அடுத்தது இன்ஸ்பெக்டருக்கு. "ஃபைல மூட முடியாது சார். திருட்டுன்னு எழுதிக் குடுத்த மேனேஜர் வெளிய போகாம பாத்துக்கங்க."

சுமலதா அழவில்லை. விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள், ஒரு தடவை, இன்னொரு தடவை. பிறகு பிரதாப்பைப் பார்த்தாள்.

"அப்ப பதினாறு வர்ற ஞாயித்துக்கெழம" என்றாள்.

அவன் ஆமாம்மா என்று தலையாட்டினான்.