நூல் நாயின் மறுபுறம்

1998 ஜூலை 11, சனிக்கிழமை. விடியலில் பிடித்த மழை விடவில்லை. மரங்கள் நனைந்திருந்தமையால் தோட்டத்தில் அன்று ரப்பர் பால் வெட்டவில்லை.

பிரேமலதா தட்டிலிருந்த காகிதங்களை மூன்றாம் முறையாகத் தரையில் கொட்டினாள். பாயில் கிடந்த தந்தை கன்னையாவுக்கு மூச்சு இழுத்து இழுத்து வந்தது. தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் தோட்டத்து லொறி நின்றது.

"துண்டு கெடச்சிச்சா தங்கச்சி?" என்றார் சாரதி பளீல். "அது இல்லாம ஆஸ்பத்திரிக்கு லொறி எடுக்க ஏலாது. ஆபீஸ்ல குடுக்கணும்."

ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லி நேற்று மாலை தோட்ட வைத்தியர் கையொப்பமிட்டுத் தந்த துண்டுச் சீட்டு. காலையில் அவர் ரம்புக்கனைக்குப் போய்விட்டார்.

"நேத்து அந்தியில மெசின்ல குந்தியிருந்தியே, அங்கன பாரு புள்ள," என்றாள் பக்கத்து வீட்டுச் சின்னம்மா.

தையல் இயந்திரத்தின்மேல் ஒரு நாய் இருந்தது. பங்களாவில் தோட்டத் துரையின் மனைவி, துரைசாணியின் இறந்துபோன நாய். இயந்திரத்தில் துணியை அழுத்தும் பாதத்தைக் கழற்றி, துணியை நகர்த்தும் பற்களை இறக்கி, வட்டச் சட்டத்தில் இறுக்கிய துணியை இரு கைகளாலும் ஊசியின் கீழ் நகர்த்தி, மயிர் மயிராக அதை நூலில் அவள் தைத்து வந்தாள். இவ்வளவு நெருக்கித் தைத்தால் துணி சுருங்கும். அதைத் தடுக்க அடியில் தடித்த காகிதம் வைப்பாள். நேற்று, தந்தை சற்றே கண்ணயர்ந்த வேளையில், முகத்தைத் தைப்பதற்காகத் தட்டிலிருந்து கைக்கு வந்த காகிதத்தை உருவியிருந்தாள்.

சட்டத்தைத் திருப்பினாள். நாயின் முகத்துக்குப் பின்னால் தையலோடு தையலாக அந்தத் துண்டு இருந்தது. தந்தையைச் சின்னம்மாவிடம் விட்டு, சட்டத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு லொறியில் ஏறினாள்.

அலுவலகத்தில் கிளாக்கர் சட்டத்தை முன்னும் பின்னும் பார்த்தார்.

"என்னா லதா, நாய்க்கா சொகமில்ல?"

"பின்னுக்கு பாருங்க ஐயா. அப்பா பேரு தெரியுதுங்க."

"பேரு தெரியுது. சைன் எங்க? அதுமேல மூக்கத் தச்சி வச்சிருக்க. தொர கேட்டா நான் இந்த நாயவா காட்டுறது?"

"டாக்டரையா எழுதுனதுதாங்க. பளீல் அண்ணனும் பார்த்தாருங்க."

துரையிடம் கேட்க, கிளாக்கர் பங்களாவுக்குத் தொலைபேசியைச் சுழற்றினார். மழையில் இணைப்பு அறுந்திருந்தது. "கொஞ்சம் இரு," என்றார்.

அவள் விறாந்தையில் அமர்ந்து, பளீலிடம் சவர அலகு ஒன்றை வாங்கி, நாயின் மூக்கை அறுக்கத் தொடங்கினாள். இருபது நாள் வேலையின் முகம் மடியில் பழுப்புத் தும்பாக உதிர்ந்தது. ஊசி ஆயிரம் இடங்களில் துளைத்திருந்த காகிதமோ நூலோடு நூலாக வந்தது. கையொப்பத்தின் ஒரு வளைவு விரலில் ஒட்டிற்று; மற்றது எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

கிளாக்கர் மீண்டும் தொலைபேசியைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

பளீல் எழுந்தார். "போதும், வுடுங்க. ஏறுங்க தங்கச்சி. வேல போனா போகட்டும்."

லயத்தை அடைந்ததும் அவர் லொறியில் வைத்திருந்த தம் பாயை அதன் தட்டில் விரித்து, தார்ப்பாயை மேலே இழுத்துக் கட்டினார். பிரேமலதா தந்தையைத் தூக்க ஆள் கூப்பிட்டுக்கொண்டே உள்ளே ஓடினாள்.

சின்னம்மா வாசலிலேயே அவள் கையைப் பிடித்தாள்.

"ஓடாத புள்ள," என்றாள். பிறகு வெளியே நின்ற பளீலைப் பார்த்து, "இனி அவசரமில்ல தம்பி."

பளீல் லொறியின் இயந்திரத்தை நிறுத்தினார். பாயைச் சுருட்டி, நனையாதபடி சட்டைக்குள் பாதியை மறைத்து, வருபவர்கள் உட்கார உள்ளே கொண்டுவந்து சுவரோரம் சாய்த்துவைத்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பிற்பகல் இரண்டு மணி பதினேழு நிமிடம்.