அணைந்த மெழுகுவர்த்தி

பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டு மூட்டை கட்டிய ஐம்பத்து நாலாம் வருஷம், ஊருக்குக் கிளம்பிய நீதிபதி துரை, காதர் பாட்சா மரைக்காயருக்கு ஓர் ஓவியம் கொடுத்துவிட்டுப் போனார். உயிருள்ளவற்றின் படம் அந்த வீட்டுச் சுவரில் ஏறாது என்று தெரிந்து, ஆளோ பறவையோ இல்லாததாகப் பார்த்து எடுத்திருந்தார். ஒரு மேசை, பாதி தோல் சீவிய எலுமிச்சை, சாய்ந்து கிடக்கும் வெள்ளிக் கிண்ணம், அணைந்த மெழுகுவர்த்தி.

"அணைஞ்ச வெளக்க நடுக்கூடத்துல மாட்டி வச்சுக்கிட்டா நிக்காஹ் பேசுறது? மவுத்தான வீடு, எழவு வீடுன்னு நெனைப்பாங்க" என்றார் மனைவி அஜீசுன்னிசா.

"தொரை கையால குடுத்தது. பரண்ல போட்டா நம்ம மரியாதை என்னாவும்?"

காதர் பாட்சா பார்த்ததெல்லாம் பொன்முலாம் பூசிய சட்டத்தைத்தான்.

மகள் மெஹர் பானுவைத் தன் மகனுக்குப் பேசி வைத்த நாகூர் கபீர் மரைக்காயர், அவன் சைகோனிலிருந்து வந்த பிறகும் கல்யாணத்தைப் பெருநாளுக்குப் பெருநாள் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார். இன்று நாள் குறிக்க வருவதாகச் சொல்லியிருந்தார். இன்றும் தள்ளினால் ஊர் வாய் சும்மா இராது.

மாலையில் வந்த கபீர் உட்காரவில்லை. நேரே படத்தின் முன் போய் நின்றார். காதர் பாட்சாவும் பக்கத்தில் போய் நின்றார்.

"மரைக்காரே, திரிய பாத்தீங்களா? பொகை இன்னும் அடங்கல."

அப்போதுதான் காதர் பாட்சா அதைப் பார்த்தார். நூலிழைப் புகை ஒன்று இருட்டுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. எலுமிச்சையின் ஈரம் காயவில்லை. சீவியவர் இப்போதுதான் எழுந்து போயிருக்கிறார். பாதியில் எழுப்பிக்கொண்டு போயிருக்கிறார்கள். எத்தனையோ ஜனாஸாவுக்குத் தோள் கொடுத்தவர் அவர். தனக்கும் ஒரு நாள் அழைப்பு வரும் என்பது இப்படி நெஞ்சில் வந்து நின்றதில்லை. எதிரில் இருந்தது வெறும் சாயம் என்று மனம் ஒப்பவில்லை.

"சுப்ஹானல்லாஹ்" என்று முணுமுணுத்த கபீர் திரும்பினார். முகம் வெளுத்திருந்தது.

"அடுத்த பெருநாளுக்கு வச்சுக்கலாம்னு சொல்லத்தான் வந்தேன். வேணாம். வர்ற வெள்ளிக்கிழமையே முடிச்சுடுவோமா?"

மாப்பிள்ளை வீட்டார் நாள் கேட்டவுடன் சம்மதம் சொல்லும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது. உள்ளே கலந்து சொல்கிறோம் என்று நாலு நாளாவது காக்க வைப்பார்கள். காதர் பாட்சாவின் தகப்பனாரும் அப்படித்தான் காக்க வைத்தார்.

"ஆவட்டும்" என்றார் காதர் பாட்சா, படத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

திரைக்குப் பின்னால் அஜீசுன்னிசா சர்பத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, வெள்ளிக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணினார்.