அண்ணன் கையில் ஏழு எழுத்துகள்

பையில் இனி ஒரு சில்லும் இல்லை. கையை உள்ளே விட்டுத் துழாவினாள். துணியின் அடித்தையல்தான் விரலில் தட்டுப்பட்டது. எதிரே உட்கார்ந்திருந்த அண்ணன் பையின் பக்கமே பார்க்காமல் காதைச் சொறிந்துகொண்டிருந்தான்.

ஆங்கில எழுத்துகள் பொறித்த சில்லுகளைப் பலகையில் அடுக்கிச் சொல் கட்டும் ஆட்டம் அது. பலகையில் விழும் ஒவ்வோர் எழுத்தையும் ஆடுகிறவர்கள் தாளில் அடித்துக்கொண்டே வருவார்கள். பை காலியானதும் தன் கையில் உள்ளதைக் கழித்துவிட்டால், மிச்சமெல்லாம் எதிராளியின் கையில் இருப்பவை.

அவள் கழித்தாள். ஏ, ஈ, ஐ, என், ஆர், எஸ், டி.

தப்பாகக் கழித்திருப்போம் என்று மறுபடி பார்த்தாள். அதே ஏழுதான்.

அவர்கள் இருவரும் முதன்முதலாக மனப்பாடம் செய்த எழுத்துக் கூட்டம் அது. சலவைக்கடையில் அவள் இஸ்திரி போடும் மேசைக்கு மேலே அதிலிருந்து பிறக்கும் சொற்களை எழுதி ஒட்டியிருந்தாள். பஸ் ஓட்டும் அண்ணன் சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் முணுமுணுப்பான். ரீடெய்ன்ஸ், ரெட்டினாஸ், ஸ்டெய்னர், நாஸ்டியர், ஆன்ட்ஸியர். அதே ஏழு எழுத்து, இடம் மாறி உட்கார்ந்தால் வேறு சொல். பாதிக்கு மேல் அர்த்தம் இருவருக்குமே தெரியாது. தெரிந்துதான் என்ன ஆகப்போகிறது? ஏழையும் ஒரே மூச்சில் இறக்கினால் ஐம்பது புள்ளி கூடுதல், அவ்வளவுதான். ஆன்ட்ஸியர் என்றால் இன்னும் அதிகமாகத் தவிக்கிற என்று அர்த்தமாம். கோட்டு வாங்க வந்த ஒருவர் சுவரைப் பார்த்துவிட்டுச் சொன்னார். அன்றிலிருந்து அந்தச் சொல் மட்டும் அவளுக்குச் சொந்தக்காரி மாதிரி ஆகிவிட்டது.

இந்த ஆட்டத்தில் ஜெயிப்பவருக்கு, வெளிநாட்டுப் போட்டிக்குப் போகும் அணியில் மிச்சமிருக்கும் ஒரே இடம். கடல் தாண்டிப் போய் ஆடலாம். அண்ணன் ஏற்கெனவே இரண்டு முறை போய்வந்தவன். அவள் அவனுடைய சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்துக் கொடுத்ததோடு சரி.

பலகையின் கீழ்வரிசையில் நீளமாக ஒரு சந்து காலியாகக் கிடந்தது. அவனுடைய ஏழும் அங்கே மட்டும்தான் பொருந்தும்; இறக்கிவிட்டால் ஆட்டம் அவனுக்கு. இரண்டெழுத்துச் சொல் ஒன்றை நட்டு வைத்தால் சந்து அடைபட்டுவிடும். ஆனால் அவள் கையில் மேல்மூலைக்கென்றே பிறந்த மாதிரி அழகான சொல் ஒன்று இருந்தது. அடைக்கப் போனால் அது உடைந்துவிடும். அதன் பிறகு முன்னிலை மயிரிழை அளவுதான். எப்போது வேண்டுமானாலும் அறுந்துபோகலாம்.

வேறு யாராக இருந்தாலும் யோசிக்காமல் அடைத்திருப்பாள். எதிரில் இருப்பது அண்ணனாயிற்றே. கேரமில் கடைசிக் காயை வேண்டுமென்றே ஓரத்தில் தட்டுகிறவன். சைக்கிள் பந்தயத்தில் முனை வந்ததும் பிரேக் பிடிக்கிறவன். ஜெயித்துவிட்டோம் என்று தெருவெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டு அவள் வீட்டுக்கு வந்தால், அம்மா சிரிக்கிற சிரிப்பில்தான் விஷயம் விளங்கும்.

இன்றும் விட்டுக்கொடுப்பான். சந்தைத் திறந்தே வைத்துவிட்டு மேல்மூலையில் அழகாக ஆடினால் போதும், இடம் அவளுக்குத்தான். காது சொறிவதே அதற்கான ஒத்திகையாக இருக்கலாம். அப்படிக் கிடைத்தால் அது யாருடைய இடம்? விட்டுக்கொடுக்காமல் போட்டுவிட்டால்?

"என்னம்மா, அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டே வையேன்," என்றார், போன சுற்றில் தோற்றுப்போய் வேடிக்கை பார்க்க உட்கார்ந்திருந்த பல் டாக்டர்.

"டாக்டர், நீங்க கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கிட்டு சும்மா இருங்க," என்றான் அண்ணன்.

நடுவர் உதட்டில் விரல் வைத்தார்.

"வை, எலி. கடிகாரம் ஓடுது," என்றான் அண்ணன். சின்ன வயசிலிருந்தே அவளை அவன் அப்படித்தான் கூப்பிடுவான்.

"ஓடட்டும்."

"ஓடுறது உன்னோடது. எனக்கென்ன வந்துச்சு?"

அந்தக் குரலைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். பாசமா, அவசரமா? ஒன்றும் பிடிபடவில்லை. கொடுக்கிறானா இல்லையா என்று ஆயுசுக்கும் குடைந்துகொண்டிருப்பதைவிட, கொடுக்கவே முடியாதபடி செய்துவிடுவது மேல் என்று தோன்றியது. இரண்டு சில்லுகளை எடுத்துச் சந்தின் நடுவில் வைத்து, தன் நேரம் நின்று அவனுடையது ஓடும்படி கடிகாரத்தைத் தட்டினாள்.

அண்ணனின் கை காதிலேயே நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு அவன் தலை நிமிரவேயில்லை. சின்னச் சின்னச் சொற்களாக, கிடைத்த இடுக்கிலெல்லாம் புகுந்து வந்தான். கடிகாரத்தை அடிக்கிற அடியில் மேசை ஆடியது. முன்னிலை ஒவ்வொரு முறையும் தேய்ந்தது. அவள் கடைசிச் சில்லை வைத்தபோது யார் ஜெயித்தார்கள் என்றே அவளுக்குத் தெரியவில்லை. நடுவர் கூட்டினார், மறுபடி கூட்டினார், அவள் பக்கம் பார்த்துத் தலையசைத்தார். மூன்று புள்ளி.

"அடிப்பாவி," என்றான் அண்ணன்.

"போட்டிருப்பியாண்ணா?"

"பின்ன? உனக்காகப் பஸ்ஸை ஓரங்கட்டிட்டு நிப்பேன்னு நெனச்சியா?"

"எப்பவும் நிப்பியே."

அவன் முகம் சிவந்தது. "எனக்கும் போகணும்னு ஆசை இருக்கும்ல? அதை யாராவது கேட்டீங்களா?"

இப்படி அவன் ஒருநாளும் அவளிடம் பேசியதில்லை. இதைத்தானே கேட்டாய் என்று மனசு சொன்னது. கோபம்கூட நடிப்பாக இருக்குமோ என்று ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். இல்லை. அவன் கையெழுத்துப் போட்ட வேகத்தில் பேனா புள்ளித்தாளைக் கிழித்தது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தவன், அவளுக்காகக் காத்திராமல் வெளியே போனான்.

"பாஸ்போர்ட் இருக்காம்மா?" என்றார் நடுவர்.

"இல்லைங்க."

"உடனே எடுக்கணும். அலையணும் அதுக்கு. கூட வர யாராவது இருக்காங்களா?"

அவள் வாசலைப் பார்த்தாள். கதவு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"இருக்காங்க," என்றாள். பிறகு, அவ்வளவு உறுதியில்லாமல், "கோபம் ஆறினதும் வருவாங்க."