சுவரில் ஒட்டியிருந்த சவர்க்காரம்

தேம்ஸ் கரையில், ஓர் அலுவலகக் கட்டடத்தின் அடியில், ஆயிரத்து அறுநூறு வருடமாக வறண்டு கிடந்த ரோமானியக் குளியலறையில் போன மாசிமாதச் சனிக்கிழமையொன்றில் முழங்காலளவு வெந்நீர் நின்றது. மாலைநேர வரலாற்று வகுப்போடு இடிபாடு பார்க்க வந்த ஜதுர்ஷிகாதான் முதலில் கண்டாள். அவள் தன் கண்ணை அவ்வளவாக நம்பாதவள்; நாட்குறிப்பில் எழுதிய வரியையே இரண்டு தரம் வெட்டுகிறவள். ஆகவே விரலை விட்டுப் பார்த்தாள், கூட வந்த மெலனியையும் விடச் சொன்னாள். சுட்டது. வழிகாட்டி மரினா குழாய் எதுவும் உடையவில்லை என்று விசாரித்து அறிந்து, வழுக்கும் என்று மஞ்சள் பலகை வைத்துவிட்டு, மற்றவர்களுக்கு அடுப்பு எரிந்த இடத்தைக் காட்டப் போனாள்.

வீடிருக்கும் செவன் கிங்ஸுக்கு ரயிலில் திரும்பும்போது ஜதுர்ஷிகாவுக்கு அம்மாவின் நினைவாகவே இருந்தது. அண்ணன் றஜீவனை இறுதிப் போரின்போது வட்டுவாகல் பாலத்தடியில் கண்டவர்கள் உண்டு. அதன்பிறகு கண்டவர்கள் இல்லை. சாவுச் செய்தி கேட்டால் தலை முழுக வேண்டும். முழுகி, அந்தியேட்டிக் கிரியையையும் முடித்துவிடும்படி குட்மேய்ஸில் இருக்கும் சித்தி நகுலேஸ்வரி வருடா வருடம் சொன்னார். அம்மா சிவமலர் தினமும் குளித்தார்; அந்த ஒரு முழுக்குக்கு மட்டும் தலையைக் கொடுக்கவில்லை. இந்தத் தண்ணீர் அதற்காகத்தான் ஊறியது என்று மகள் எண்ணினாள். எண்ணியது பிழையோ என்றும் எண்ணினாள். அடுத்த சனி துவாயும் மாற்றுச் சேலையும் எடுத்துக்கொண்டு அம்மாவைக் கூட்டிப்போனாள்.

"முழுகிறியளோ, அம்மா?"

சிவமலர் குனிந்து பார்த்தார். ரோமானியச் செங்கல்லில் தேய்ந்த சிவப்புச் சவர்க்காரத் துண்டொன்று அப்பியிருந்தது. தண்ணீரில் கரையாதபடி அப்படிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போகிறவன் அவர்கள் வீட்டில் ஒருவன்தான். அதன் நுரை இன்னும் அடங்கியிருக்கவில்லை.

"இப்பதான் குளிச்சிட்டுப் போயிருக்கிறான்," என்றார். "துவாய் கொண்டு வரேல்லைப் போல. எத்தினை தரம் சொன்னாலும் ஈரத்தலையோடைதான் திரியிறது."

துவாயைத் தடுப்புக் கம்பியில் போட்டுவிட்டு வந்தார்கள். சேலை மடிப்புக் கலையாமல் வீடு திரும்பியது. அடுத்த வாரம் துவாய் நனைந்திருந்தது. அன்றுமுதல் சனிதோறும் காய்ந்ததை வைத்து ஈரமானதை எடுத்து வருகிறார்கள். வர முடியாத வாரத்தில் மரினா மாற்றி வைக்கிறாள். பங்குனியில் வீட்டுக்கு வந்த நகுலேஸ்வரி, ரேடியேட்டரில் கிடந்த துவாய் யாருடையது என்று கேட்டார்.

"றஜீவன்ரை," என்றார் சிவமலர்.

சித்தி அதைத் தொட்டுப் பார்த்தார். ஈரம் கூடின பக்கத்தைச் சூடு படும்படி திருப்பிப் போட்டுவிட்டு, தேத்தண்ணி கேட்டார்.